மனச்சோர்வு மாத்திரை: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, மனச்சோர்வுக்கு டாக்டர் எசிட்டாலோப்ராம் 10 மி.கி. எழுதினார். எட்டு நாளாகியும் குமட்டல்தான் மிச்சம். மீதியைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: அவசரப்படாதீர்கள் தாயி. இந்த வகை மாத்திரை வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். படபடப்பு கூடினாலோ உயிரை விடத் தோன்றினாலோ மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இளவயதுக்காரர்களை முதல் சில வாரம் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நடுராத்திரி என்றாலும் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: மச்சானுக்கும் இதே மாத்திரைதான். அவர் சீட்டைக் காட்டி நானும் வாங்கலாமா? (வள்ளியூர்)

பதில்: கூடாது. கடைக்காரர் கொடுத்தாலும் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு எழுதிய மாத்திரை இல்லையென்று, "இதுவும் அதேதான்" என வேறொன்று கொடுத்தார்கள். ஒரு வாரமாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். அட்டையில் எசிட்டாலோப்ராமோடு குளோனாசெபாம் என்றும் இருக்கிறது. (மேலப்பாளையம்)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. நம்பிக் கேட்டவரை ஏமாற்றியிருக்கிறார்கள். குளோனாசெபாம் வேறு மருந்து. தூக்கம் வரவைக்கும், நாள்பட்டால் பழக்கமாகும். வயசாளிகள் தடுமாறி விழுவார்கள். எழுதிய மாத்திரைக்குப் பதில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறொன்று கொடுக்க மருந்து விதிகளில் இடமில்லை. இன்றைக்கே அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். எதை, எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். பில் இருக்கிறதா? மருந்து ஆய்வாளருக்கு எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை.

இதில் எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பாதிப் பேர் காலி அட்டையை நீட்டித்தான் மருந்து வாங்குகிறார்கள். கம்பெனிக்காரன் தான் வைத்த பெயரைப் பெரிதாகப் போட்டு, கூட்டு மாத்திரையாக இருந்தால் பின்னால் 'பிளஸ்' என்று ஒரு வாலையும் ஒட்டுவான். உள்ளே இருப்பது பொடி எழுத்தில்தான் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பெரிய எழுத்தை மட்டும் பார்த்து வாங்கி நானும் அழுதிருக்கிறேன். அதில் போனது வெறும் பணம். மருந்தின் பெயர், மி.கி., காலாவதித் தேதி மூன்றையும் கடையிலேயே நின்று படியுங்கள். அட்டையை வெட்டித் தந்தால், தேதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆறு மாசம் சாப்பிட்டேன், குணமாகிவிட்டது. போன வாரம் நானே நிறுத்தினேன். இப்போது தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது. மாத்திரை போலியா? (தென்காசி)

பதில்: மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள் சார். சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் செய்யும். வாங்கத் தெரிந்தவருக்கு, நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையா? டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

கேள்வி: மாசாமாசம் கட்டுப்படியாகவில்லை. (திசையன்விளை)

பதில்: மருந்தின் பெயரிலேயே எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் காட்டலாம்.

கேள்வி: இதோடு மூட்டுவலி மாத்திரை போடலாமா? (சேரன்மகாதேவி)

பதில்: டிரமடால் சேர்ந்தால் ஆபத்து. டைக்ளோபெனாக், இபுப்ரோபென் வகையில் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. எதை வாங்கினாலும், "மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று கவுண்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.