முதலில் டயரைச் சொல்லுங்கள், அப்புறம் லிஃப்ட்டைப் பேசலாம்

வாசகர் கேள்விகள், பட்டறைக்காரர் பதில்கள்

கேள்வி: அண்ணா, என்னிடம் 2018-இல் வந்த தலைமுறை சுசுகி ஜிம்னி இருக்கிறது. கம்பெனி டயர் 195/80 R15. எனக்கு 31 இன்ச் டயர் மேல் ஒரு கண். 3 இன்ச் பாடி லிஃப்ட் போட்டால் தாராளமாக நுழையும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். சஸ்பென்ஷனைத் தொடாமலே வேலை முடிந்துவிடும் என்பதால் எனக்கும் அது பிடித்திருக்கிறது. வாரக் கடைசியில் கல் பாதைகளில் ஓட்டுகிறேன், மற்ற நாட்களில் வேலைக்கும் இதே வண்டிதான். போடலாமா?

பதில்: தம்பி, 3 இன்ச் வேண்டாம். 31 இன்ச்சும் இந்த வண்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், அப்புறம் முடிவு உங்களுடையது.

பாடி லிஃப்ட் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் வண்டியில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட்டுகள், அவற்றின் ஊடே போல்ட்டுகள். அந்த இடங்களில் ஸ்பேசர் வைத்து, நீளமான போல்ட் போட்டு, பாடியை மட்டும் தூக்குவதுதான் இந்த வேலை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்பிரிங் எதுவும் இடம் மாறாது. பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் அப்படியே இருக்கும். இது நல்ல விஷயம். ஸ்பிரிங்கை மாற்றி ஏற்றினால் இந்த வண்டியின் முன் ஆக்ஸில் லேசாகத் திரும்பி காஸ்டர் கோணம் குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணம் மங்கும், ஆக்ஸிலும் ஒரு பக்கமாகச் சற்று நகரும். பாடி லிஃப்ட்டில் இந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் பாடி லிஃப்ட்டால் வண்டிக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் கூட இடம் அதிகமாகாது. ஆக்ஸிலின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே தொங்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் பண்ணிக் கொடுப்பதோடு லிஃப்ட்டின் வேலை முடிந்தது. அதனால் எத்தனை இன்ச் லிஃப்ட் என்று தொடங்காதீர்கள். எந்த டயர், அது எங்கே உரசும் என்று தொடங்குங்கள்.

195/80 R15-இன் விட்டம் 693 மி.மீ. 235/75 R15 என்றால் 733 மி.மீ. சொச்சம். வித்தியாசம் 40. அதில் பாதி, அதாவது 20 மி.மீ., டிஃபரன்ஷியலுக்கு அடியில் கூடும், மீதி 20 மேலே மட்கார்டை நோக்கிப் போகும். 1 இன்ச் என்பது 25 மி.மீ. ஆக, இந்த டயரால் மேல்பக்கம் குறையும் இடத்தை ஈடுகட்ட 1 இன்ச் பாடி லிஃப்ட்டே போதும்.

இப்போது 31x10.5 R15-ஐப் பாருங்கள். விட்டம் ஏறக்குறைய 787 மி.மீ. வித்தியாசம் 94, பாதி 47. உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் 2 இன்ச் லிஃப்ட் சரியாக வரும், 3 இன்ச் தேவையே இல்லை. சிக்கல் அகலத்தில் இருக்கிறது. கம்பெனி டயர் 195 மி.மீ. அகலம், இதுவோ 267. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது இந்த டயரின் உள்தோள் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நீளமான ஆர்மில் போய் உரசும். அந்த ஆர்ம் சேஸிஸோடு இருக்கிறது. பாடியை 3 இன்ச் அல்ல, 6 இன்ச் தூக்கினாலும் அந்த உரசல் போகாது. அதற்கு டயரை வெளியே தள்ளும் ஆஃப்செட் உள்ள ரிம் வேண்டும். வெளியே தள்ளினால் டயர் இன்னும் பெரிய வட்டத்தில் சுழன்று பம்பர் மூலையையும் மட்கார்டின் பின் ஓரத்தையும் தேடிப் போகும். ஒன்றைத் தீர்க்க இன்னொன்று என்று நீண்டுகொண்டே போகும் வேலை இது.

எஞ்சினையும் நினைத்துப் பாருங்கள். 1.5 லிட்டர். 31 இன்ச் டயர் போட்டால் எல்லா கியரும் 13 சதவீதத்துக்கு மேல் நீண்டது போல ஆகும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போன இடத்தில் முதல் கியர் கேட்கும். டயரும் ரிம்மும் கனம் கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்னைவிட 13 சதவீதம் வேகமாக, 90-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் அதே டயர்தானே, கதவின் கீல்கள் அந்தப் பாரத்தைத் தினமும் தாங்க வேண்டும். தினம் வேலைக்குப் போகிற வண்டிக்கு இது நியாயமில்லை.

என் யோசனை 235/75 R15. கம்பெனி ரிம் 5.5 இன்ச் அகலம். 235 டயருக்கு 6 இன்ச்சுக்குக் குறையாத ரிம் வேண்டும், அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இன்னும் எளிதாக முடிய வேண்டுமென்றால் 215/75 R15 போதும், அதற்கு லிஃப்ட்டே பெரும்பாலும் தேவைப்படாது.

லிஃப்ட் கிட் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அளவு டயரை யாரிடமாவது இரவல் வாங்கி முன்பக்கம் மாட்டுங்கள். மட்கார்டின் உள் லைனரில், பம்பரின் உள்மூலையில், கதவுக்கு முன்னால் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் சாக்பீஸ் தூளை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அந்தச் சக்கரத்தை ஒரு சாய்தளத்தில் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கி பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பு ரப்பரைத் தொடும் வரை கொண்டுபோய், ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் தொட்ட இடத்தில் வெள்ளைத் தூள் துடைக்கப்பட்டு, கறுப்பாக, விரல் வைத்தால் வழுக்கும் ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் பதில். மட்கார்டின் உச்சியில் இருந்தால் லிஃப்ட் உதவும். பம்பர் மூலை என்றால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டினால் போதும். தகடு விளிம்பு என்றால் அதைத் தட்டி மடக்கி, துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்த பலருக்கு லிஃப்ட்டே வேண்டியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு லிஃப்ட் வேண்டும் என்று வந்தால், 1 இன்ச்சோ ஒன்றரை இன்ச்சோ போடுங்கள். 2 இன்ச்சுக்கு மேல் நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. ஸ்பேசர் உயர உயர, வண்டி வளைவில் சாயும்போதும், இன்னும் முக்கியமாக மோதலின்போதும், பாடி பக்கவாட்டில் தள்ளும் விசை அந்தப் போல்ட்டை வளைக்கப் பார்க்கும். நெம்புகோல் நீளம் கூடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஸ்பேசர் ஒரே துண்டாக இருக்கட்டும், நைலானோ அலுமினியமோ பரவாயில்லை. சின்னச் சின்னதாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத போல்ட்டைப் பாடி மவுண்ட்டில் போடவே கூடாது.

வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய இடம் ஸ்டியரிங் ஷாஃப்ட். ஸ்டியரிங் வீலும் அதன் தண்டும் பாடியோடு மேலே போகும், ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு கீழேயே நிற்கும். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அந்த இடைவெளிக்கு நீள வேண்டும். பற்கள் உள்ள ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்திருக்கும், அதன் குறுக்கே ஒரு சின்ன போல்ட், தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகும். தூக்குவதற்கு முன்பே தண்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூக்கிய பிறகு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அந்தக் கோடு காட்டிவிடும். பற்கள் போதுமான நீளம் உள்ளே இருக்க வேண்டும், குறுக்கு போல்ட் பள்ளத்துக்குள்ளேயே உட்கார வேண்டும். பள்ளத்தை விட்டு விலகியிருந்தால், இறுக்கிவிட்டேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுக்காதீர்கள். நீட்டிப்புத் துண்டு போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் கழன்றால் அடுத்த வாய்ப்பு கிடையாது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் ஆயில் பைப், கிளட்ச் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், பெட்ரோல் ஊற்றும் ஹோஸ், எர்த் வயர் இவற்றில் எதுவும் விறைப்பாக இழுபடக் கூடாது. ரேடியேட்டர் பாடியில் மாட்டியிருக்கும் வண்டிகளில் அதுவும் மேலே போகும், எஞ்சினில் உள்ள ஃபேன் அங்கேயே நிற்கும். இறக்கை உறையின் கீழ் ஓரத்தை உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஹெட்லைட்டும் உயர்ந்துவிடுவதால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி இறக்கி வைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா மவுண்ட் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

உங்கள் ஊர்ப் போக்குவரத்து விதியும் இன்சூரன்ஸும் எவ்வளவு மாற்றத்தை ஏற்கும் என்பதை, கடைக்காரரிடம் கேட்காமல், நேராக அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் வண்டி பழைய சுசுகி எஸ்ஜே413. 2 இன்ச் பாடி லிஃப்ட் போட்டதிலிருந்து ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) ஏற்றம் ஏறும்போது லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்து தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது, பிரித்து வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். லிஃப்ட் போடும் முன் இந்தப் பிரச்சினை ஒரு நாளும் வந்ததில்லை.

பதில்: உங்கள் கடைசி வரிதான் முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸை இப்போது பிரிக்க வேண்டாம்.

பாடி 2 இன்ச் மேலே போனது, லீவர்கள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. அதாவது லீவர் வெளியே வரும் தரை ஓட்டை இப்போது லீவரின் மேல்பகுதியில் இருக்கிறது. லீவர் அசையும்போது அடியைவிட மேல்பகுதி அதிக தூரம் நகரும், ஓட்டையோ பழைய அளவுதான். லோவில் போடும்போது லீவர் தகட்டின் ஓரத்தில் இடித்து முழுத் தூரம் போகாமல் பாதியில் நிற்கும். கியர் அரைகுறையாகப் பிடித்திருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் முறுக்கும்போது கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தம் ரப்பர்களில் லேசாகத் திரும்பும். அப்போது தகடு லீவரைத் தள்ளி வெளியே எடுத்துவிடும்.

லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கழற்றுங்கள். லோவில் போட்டுவிட்டு லீவருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால், அல்லது லீவரில் பெயின்ட் உரிந்து பளபளப்பான ஒரு தழும்பு தெரிந்தால், காரணம் அதுதான். அந்தப் பக்கம் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து, பெரிய உறை ஒன்றைப் போட்டு மூடுங்கள். லீவரை வளைத்துச் சரி செய்பவர்களும் உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை. இதெல்லாம் செய்தும் கழன்றால் அப்போது பிரிக்கலாம்.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. பாடி மவுண்ட்டுகளைச் சுற்றித் தரைத் தகட்டை ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். சேறு தங்கி உள்ளிருந்து துரு தின்றிருக்கும். தகடு நொறுங்கினால் முதலில் அங்கே வெல்டிங் வேலை, லிஃப்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: 2008 கிராண்ட் விட்டாராவுக்கு 2 இன்ச் பாடி லிஃப்ட் கிட் எங்கே கிடைக்கும்?

பதில்: அந்த வண்டிக்குப் பாடி லிஃப்ட் என்பதே கிடையாது. 2005-இல் வந்த அந்தத் தலைமுறையில் சேஸிஸ் சட்டத்தைப் பாடியோடு சேர்த்தே வெல்டு செய்துவிட்டார்கள். நடுவில் ஸ்பேசர் வைக்கப் போல்ட் இல்லை. 1988-இல் வந்த முதல் விட்டாராவில் சேஸிஸ் தனி, அதில் முடியும். இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம் இது. லாடா நிவாவும் உங்கள் வண்டியைப் போல ஒரே உடம்புதான்.

உங்களுக்கு வழி ஸ்பிரிங் லிஃப்ட். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் அதிகம் ஏற்றினால் ஆக்ஸில் ஜாயின்ட்டுகள் கோணம் தாங்காமல் சீக்கிரம் தேயும். அளவோடு ஏற்றி, டயரை ஒரு படி மட்டும் பெரிதாக்குங்கள். ஏற்றிய கையோடு வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள்.