நாஸ் பெட்டியை வீட்டு சர்வரில் 'மவுண்ட்' செய்வது என்றால் என்ன? கரண்ட் போய் வந்ததும் கோப்புறை ஏன் காலியாகத் தெரிகிறது?

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டி. அதிலுள்ள ஒரு கோப்புறையை, ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன சர்வரில் இருக்கும் ஒரு காலிக் கோப்புறையோடு இணைப்பதுதான் மவுண்ட்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சின்னக் கடை, பின்னால் பெரிய குடோன், நடுவில் ஒரு கதவு. கதவு திறந்திருந்தால் கூடைகள் நேராகக் குடோனுக்குப் போகும். பூட்டியிருந்தால்? வேலையாள் கடையிலேயே குவித்துவிட்டுப் போய்விடுவார்.

தர்மபுரியில் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. கரண்ட் வந்ததும் பை சட்டென்று எழுந்துவிட்டது. நாஸ் எழ மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் மவுண்ட் தோற்றுப்போக, இரவு முழுக்க போட்டோக்கள் பையின் மெமரி கார்டிலேயே இறங்கின. காலையில் கார்டு ஃபுல், பழைய படங்களைக் காணோம். அடித்துப் பிடித்து நாஸைத் திறந்து பார்த்தால் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன!

சரி, என்ன செய்வது? எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று பையில் எழுதி வைக்கும் கோப்புதான் எஃப்எஸ்டேப் (fstab). அதில் நாஸுக்கான வரியோடு, சிஸ்டம்டியின் (systemd, லினக்ஸில் மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்) ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேருங்கள். கோப்புறையைத் தொடும்போதுதான் இணைப்பு நடக்கும். நாஸ் இன்னும் எழவில்லையென்றால் பிழைச்செய்தி வருமே தவிர கார்டில் எழுதாது. அப்புறம், ரவுட்டரில் நாஸுக்கு மாறாத ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள்.

மவுண்ட் செய்தாலே பேக்கப் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இருப்பது ஒரே பிரதிதான், பையிலிருந்து அழித்தால் நாஸிலும் போய்விடும்.