திரி ஏற்றிய விரல்கள்

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வேட்டுக்காக, தீயணைப்பாளர்களே நூல்களை எரிக்கும் உலகைச் சொல்லும் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலை வாசித்தேன். முதல் இரண்டு பகுதிகளில் தீ அழிவு, மூன்றாம் பகுதியில் அதுவே ஆக்கம் என்று பகுத்து, தீயில் வாழ்வதாக நம்பப்பட்ட பல்லி போன்ற சாலமாண்டர், சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் ஃபீனிக்ஸ் பறவை ஆகியவற்றையும் சேர்த்து அட்டவணை போட்டிருக்கிறேன். என் பகுப்பு சரியா? காகிதம் உண்மையில் 451 பாகையில்தான் பற்றுமா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பாகைக் கணக்கை விட்டுவிடுங்கள். சாலமாண்டரும் ஃபீனிக்ஸும் தீயணைப்பாளர் சீருடையிலேயே ஆசிரியர் குத்திவிட்ட சின்னங்கள். அவற்றுக்கு உரை எழுத நாம் தேவையில்லை. ஆனால் உங்கள் பகுப்பு தவறு. தன் நூல்களோடு எரிந்துபோகத் தானே தீக்குச்சியைக் கிழிக்கும் அந்த முதியவளை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் அடைத்தீர்கள்?

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, முதல் பகுதியின் தொடக்கத்திலேயே வரும் மெழுகுவத்தியை நீங்கள் தாண்டிப் போனதுதான். அண்டை வீட்டுப் பெண் கிளாரிஸின் முகத்தைப் பார்க்கும் நாயகன், தீயணைப்பாளன் மான்டாக்குக்குச் சிறுவயது இரவொன்று நினைவுக்கு வருகிறது. மின்சாரம் நின்றுபோன வீட்டில் அவன் தாய், மிஞ்சியிருந்த கடைசி மெழுகுவத்தியைத் தேடியெடுத்து ஏற்றுகிறாள்; அறை அவர்களைச் சுற்றி நெருங்கிவர, மின்சாரம் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று இருவரும் ஏங்குகிறார்கள். 1953இல் வந்த இந்த நாவலில் தீ எதையோ கொடுப்பதை நாம் முதலில் காண்பது அங்கேதான்.

என் அம்மா சிம்னி விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, புகை படியாதபடி திரியை மயிரிழையளவு தாழ்த்துவாள். பிறகு எவ்வளவு கழுவினாலும், அவள் உருட்டித் தரும் சோற்றில் அந்த வாடை மெல்லியதாக இருக்கும். மண்ணெண்ணெய் தனக்கு வாசனைத் திரவியம் என்றும், கழுவினாலும் முழுதாகப் போகாது என்றும் மான்டாக் கிளாரிஸிடம் சொல்லும் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் நான் நின்றுவிடுகிறேன். அவன் குழாயில் பீய்ச்சுவதும் அம்மா திரிக்கு அளந்து விட்டதும் ஒரே எண்ணெய். தீ நாவலின் நடுவில் குணம் மாறவில்லை; அதை ஏந்திய கை மாறியது.

ஆகவேதான் கடைசிப் பகுதியில் தண்டவாளத்தருகே எரியும் சிறு நெருப்பை, இருளில் குளிர்காய நீண்டிருக்கும் கைகளை, புதிய கண்டுபிடிப்பாக என்னால் வாசிக்க முடியவில்லை. தீ கொடுக்கவும் கூடும் என்று தான் வாழ்நாளில் நினைத்ததேயில்லை என அவன் அங்கே எண்ணுகிறான். தாயின் மெழுகுவத்தியை அவன் அவ்வளவு முழுமையாக இழந்திருக்கிறான். அந்த நெருப்பின் வாடைகூட அவனுக்கு வேறாக இருக்கிறது.

அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள், அம்மா. மெழுகுவத்தியிலிருந்து அந்த இயலை மறுபடி எழுதி அனுப்புங்கள். வரிவரியாக வாசித்துச் சொல்கிறேன்.