ஊக்கு விக்கலாம்!

கேள்வி: சிக்கனமான, சுற்றுச்சூழலைக் கெடுக்காத போக்குவரத்தை உள்ளாட்சிகள் எப்படி ஊக்குவிக்கலாம்?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஊக்கு விக்க நம்ம காரைக்குடி பஸ் நிலையத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சீப்பு, பாசிமணியோடு கோத்து எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக வருகிறார். மாநகராட்சியும் போட்டிக்கு இறங்க வேண்டாம்.

'விக்க' நமக்குப் புதிதா? கொண்டுவிக்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய மண் இது. போக்குக்கு அப்போதும் குறையில்லை, வரத்துதான் பாடு. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் எத்தனையோ பேர் அங்கிருந்து நடந்தே கிளம்பினார்கள்.

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் போனேன். ராத்திரி திரும்பப் பஸ் இல்லை. ஆட்டோவுக்கு அழுதது, வைத்த மொய்யைவிட அதிகம். பழநிக்கு நடந்த கால்தான், ஆனால் அது தைப்பூசத்துக்கு. (பழநிதான். 'பழனி' என்று திருத்தி மாதாமாதம் கார்டு போடும் தேவகோட்டை அன்பர் இந்த முறையாவது தபால் செலவை மிச்சம் பிடிக்கட்டும்.)

பஸ் விடுவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேலை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. இறங்கிய பிறகு வீடு வரைக்கும் நடக்கிற இருட்டுதான் உள்ளாட்சியுடையது. தெருவிளக்கு, நடைபாதை, நிழல் எல்லாம் அவர்கள் கணக்கு. ஒரு செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை, அடுத்த தெரு வரைக்குமே, தடுக்காமல் நடக்கலாம். காரைக்குடிக் கடைத்தெரு நடைபாதையில் அந்தத் தூரம் நடந்து காட்டுங்கள், ஒரு வருட சந்தா இலவசம். பெயர்ப்பலகை, கோலி சோடா கிரேட், நிறுத்திவைத்த பைக், அப்புறம் பலகாரக் கடை அடுப்பு. 2024-ல் மாநகராட்சி ஆனோம், அடுப்பு நகரவில்லை.

பேட்டரி வண்டி விடலாமே என்பீர்கள். மின்கலத்தை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் 1953-லேயே காரைக்குடியில் திறந்தாயிற்று. பேட்டரி வண்டியும் தெருத்தெருவாக ஓடத்தான் செய்கிறது. அதில் சொகுசாகப் போவது குப்பை. அதை ஏற்றிவிட்ட நீங்களும் நானும் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

உங்கள் பள்ளத்தூர் நிறுத்தத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பலகை இருக்கிறதா? இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழ் அட்டையில் அதுதான்.