பழைய கட்டடத்தில் ஆடியோ வைத்துக் கதை சொல்வது பயன்படுமா?

உங்கள் ஊரில் பழைய கட்டடம் ஒன்றைச் சீர்செய்து மக்களுக்குத் திறக்கப் போகிறீர்கள், தகவல் பலகை வைப்பதா, ஆடியோவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடியோ வையுங்கள். ஆனால் எந்தக் கருவி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாருடைய குரல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது நானும் மனைவியும் அல்கட்ராஸ் தீவுக்குப் போனோம். சான் பிரான்சிஸ்கோ கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர், கடலுக்கு நடுவே ஒரு பாறை. 1934 முதல் 1963 வரை மத்திய அரசின் சிறை. உள்ளே நுழையும்போதே ஆளுக்கொரு ஹெட்போன் கொடுக்கிறார்கள். முக்கால் மணி நேரம் ஓடுகிறது. அதில் பேசுபவர்கள் அங்கே வேலை பார்த்த காவலர்களும் அடைபட்டுக் கிடந்த கைதிகளும்தான். ‘இடப்பக்கம் திரும்பு, அந்தக் கம்பிக் கதவுக்கு முன்னால் நில்’ என்று வழியும் சொல்லிவிடுகிறார்கள். பின்னணியில் இரும்புக் கதவு மோதும் சத்தம், தட்டுகளின் சத்தம்.

நூற்றுக்கணக்கான பேர் நடமாடும் இடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. உணவுக்கூடத்தில் நின்றால் திடீரென்று பத்துப் பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். கலவரம் வந்தால் திறந்துவிடக் கூரையில் கண்ணீர்ப்புகைக் குப்பிகள் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வரி காதில் வரும் நேரம் அது.

1962இல் மூன்று பேர் கட்டிலில் பொம்மைத் தலைகளை வைத்துவிட்டுத் தப்பிய கதை எல்லோருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எனக்கு மனதில் நின்றது வேறு. வெளிச்சமே புகாத தனியறையில் கிடந்த ஒரு கைதி, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து இருட்டில் மேலே சுண்டி எறிவாராம். பிறகு நின்ற இடத்திலேயே சுற்றிவிட்டு, மண்டியிட்டுத் தரையைத் தடவித் தேடுவார். கிடைத்ததும் மறுபடி எறிவார். புத்தி பேதலிக்காமல் இருக்க இதுதான் வேலை. செல்லின் அளவு ஒன்பதுக்கு ஐந்தடி என்று பலகையில் படித்தேன், மறந்துபோனேன், திரும்பத் தேடித்தான் இங்கே எழுதுகிறேன். பொத்தானை மறக்கவில்லை. அமெரிக்க உச்சரிப்பு எனக்குப் பாதிதான் பிடிபடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1981இல் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டு அரண்மனையில் உட்கார்ந்து சிலப்பதிகாரம் கேட்கலாம். கம்பீரமான குரல்கள், வண்ண விளக்கில் தூண்கள், அழகுதான். ஆனால் அதே மகாலில் பல பத்தாண்டுகள் நீதிமன்றம் நடந்திருக்கிறது. அங்கே டவாலியாக இருந்த ஒருவரை அழைத்துவந்து, ‘எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கட்சிக்காரரைக் கூப்பிடுவீர்கள்’ என்று கேட்டுப் பதிவு செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

அதனால் உங்கள் கட்டடத்தில் வேலை பார்த்தவர், குடியிருந்தவர், பால் ஊற்றியவர் என்று யார் இருக்கிறார்களோ அவர்களை இப்போதே தேடிப் பிடியுங்கள். அல்கட்ராஸ்காரர்கள் 1980களிலேயே ஒலிப்பதிவைத் தொடங்கியதால் தப்பித்தார்கள். அன்று பேசியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. பதிவை ஸ்டுடியோவில் வைக்காதீர்கள், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கவிட்டுப் பேசச் சொல்லுங்கள். கை தானாக ஒரு மூலையைக் காட்டும், நாக்கு பின்னாலேயே வரும்.

ஹெட்போனில் ஒரு சங்கடமும் உண்டு. கூட வந்தவரோடு பேச முடியாது. நான் ஏதோ பட்டனை அமுக்கித் தொலைத்து, மனைவி உணவுக்கூடத்தில் இருக்கும்போது நான் தனியறைப் பக்கம் நின்றேன். நடுவில் ஒரு பகுதி எனக்குப் போயே போச்சு. திரும்பும் படகில்தான் அவள் கேட்டாள், “புத்தாண்டு ராத்திரி பத்திச் சொன்னதைக் கேட்டீங்களா?” கேட்கவில்லை என்றேன். அன்றைக்குக் காற்று தீவுப் பக்கம் அடித்தால் ஊரில் நடக்கும் கொண்டாட்டமெல்லாம், பெண்கள் சிரிப்பது உட்பட, செல்லுக்குள் கேட்குமாம். படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரும்பித் தீவைப் பார்த்தோம்.