மகனுக்கு ரக்பி லீக் ஒப்பந்தம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சிட்னியில் டூங்காபியில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது. எட்டு வயதிலிருந்து ரக்பி லீக் விளையாடுகிறான். இப்போது ஒரு என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டி) கிளப்பின் இளையோர் அணியில் சேர இரண்டு வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய அப்பா எச்எஸ்சி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, முடியட்டும் என்கிறார். அம்மம்மாவுக்கு இந்த முரட்டு விளையாட்டே பிடிக்கவில்லை. இதையே தொழிலாக எடுத்தால் அவன் வாழ்க்கை எப்படிப் போகும்? இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன குளிர்காலத்தில், பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளில் தலையில் அடிபட்டு இரண்டு நாள் தலைவலியோடு படுத்திருந்தான். கோச்சிடம் சொல்லவில்லை.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால் முடிவில் வருகிறேன். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என் மேசையில் படுத்த பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் கற்றதிலிருந்து இதை எழுதுகிறேன்.

இப்போது என்ஆர்எல்லில் 17 கிளப்கள். ஒவ்வொன்றிலும் முதல்நிலைப் பட்டியலில் 30 பேர். மொத்தம் 510 இடங்கள். 2027-ல் பெர்த்தும் 2028-ல் பப்புவா நியூ கினியாவும் சேர்ந்தால் இன்னும் அறுபது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான். உங்கள் மகன் நிற்கும் இடத்திலிருந்து அங்கே போக நாலு சல்லடை இருக்கிறது: 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ஹரோல்ட் மேத்யூஸ் கப், 19-க்கு உட்பட்டோருக்கான எஸ்ஜி பால், 21-க்கு உட்பட்டோருக்கான ஜெர்சி ஃப்ளெக், அப்புறம் பெரியவர்களின் நியூ சவுத் வேல்ஸ் கப். ஒவ்வொரு சல்லடையிலும் நல்ல பிள்ளைகள் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. அந்த வருடம் அவன் ஆடும் இடத்தில் கிளப்பிடம் ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பார்கள், அல்லது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போயிருக்கும்.

மேலே போனவர்களுக்கும் பாதை நேராக இல்லை. பென் ஹன்ட் என்ற ஆட்டக்காரரை உங்கள் மகனுக்குக் கட்டாயம் தெரியும். 2015 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் பிராங்கோஸுக்காக ஆடினார். ஆட்டம் 16-16 என்று சமனில் முடிந்து, முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் கோல்டன் பாயின்ட்டுக்குப் போனது. முதல் உதையில் வந்த பந்தை ஹன்ட் கைநழுவ விட்டார். அந்த வாய்ப்பில்தான் நார்த் குயின்ஸ்லாந்தின் ஜொனாதன் தர்ஸ்டன் ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி) அடித்து 17-16 என்று கோப்பையைக் கொண்டுபோனார். அதே தர்ஸ்டன் சில நிமிடங்களுக்கு முன்னால், ஜெயிக்க வைத்திருக்கவேண்டிய உதையைக் கம்பத்தில் அடித்திருந்தார். அது பலருக்கு மறந்துவிட்டது. ஹன்ட் நழுவவிட்ட பந்து மட்டும் அவர் பெயரோடு பல வருடம் ஒட்டிக்கொண்டது. 2018-ல் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவுக்குப் பெரிய ஒப்பந்தத்தில் போனார். வாங்கும் சம்பளத்துக்கு ஆடுகிறாரா என்ற பேச்சு அங்கேயும் ஓயவில்லை. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில், 2022-ன் கடைசி ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி ட்ரை வைத்து குயின்ஸ்லாந்தின் வெற்றியை உறுதி செய்ததும் அவர்தான். 2025-ல் 35 வயதில் பிரிஸ்பேனுக்கே திரும்பி, அந்த வருடம் இறுதிப் போட்டியில் மெல்பர்னை 26-22 என்று வென்ற அணியில் கோப்பையைத் தூக்கினார். பத்து வருடக் காத்திருப்பு. நல்ல கதைதான். ஆனால் அந்தப் பத்து வருடமும் உடம்பு அவருக்கு ஒத்துழைத்தது என்பதை மறக்காதீர்கள். எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

ஆஷ் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஆண்டின் சிறந்த புதுமுகம். கோல்ட் கோஸ்ட் அணி அவருக்குப் பெரும் தொகைக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அந்தத் தொகையே அவர் தலைமேல் பாரமாக ஏறியது. 2019-ல் மனச்சோர்வால் விளையாட்டிலிருந்து சிறிது காலம் விலகினார். 2022-ல் இடுப்பு மூட்டுக் காயத்தால் 27 வயதில் ஓய்வு பெற்றார். படித்து முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைத்து நிற்கத் தொடங்கும் வயது அது.

பணம் எப்படி ஓடுகிறது என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. 2023-ல் அது சுமார் 1 கோடியே 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதே வருடம் பட்டியலில் உள்ள 30 பேருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 1,20,000 டாலர். பானையில் இருப்பது அவ்வளவுதான். நட்சத்திரங்களுக்குப் பெரிய கரண்டியில் போட்டால் நடுவில் இருப்பவர்களுக்குக் குறையும். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை வென்ற பென்ரித் கிளப்பால்கூட எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. கிகாவ், கொரோய்சாவ், கிரைட்டன், லுவாய் என்று வருடாவருடம் ஆட்கள் வெளியேறினார்கள். அவர்களுக்கு வேறு இடத்தில் நல்ல விலை இருந்தது. சிக்கல் அதற்கு அடுத்த வரிசையில் இருப்பவர்களுக்கு. 28, 29 வயது, நல்ல ஆட்டக்காரர், நடுத்தரச் சம்பளம். அவரை அனுப்பிவிட்டு அந்தக் காசில் இரண்டு இளைஞர்களை எடுப்பது கிளப்புக்கு லாபம். ஒப்பந்தத்தின் கடைசி சீசன் தொடங்குவதற்கு முந்தைய நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து மற்ற கிளப்களுடன் பேசலாம் என்பது விதி. அந்தக் காலத்தில் போன் அடிக்காத வீடுகளின் அமைதி எனக்குத் தெரியும்.

இப்படி இடம் இழப்பவர்களுக்கு இங்கிலாந்தின் சூப்பர் லீக் ஒரு வழி. என்ஆர்எல்லின் மேன்லி கிளப்பில் முதல் அணியிலிருந்து இறக்கப்பட்ட ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ் 2018-ல் சால்ஃபர்டுக்குப் போய், 2019-ல் அங்கே ஆண்டின் சிறந்த வீரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருது வாங்கி, 2022-ல் என்ஆர்எல்லுக்கே திரும்பி வந்தார்.

சரி, இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு வருவோம். இளையோர் ஒப்பந்தத்தில் சம்பளம் பெரிதாக இருக்காது. நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. இரண்டாவது வருடம் உறுதியா, அல்லது நீட்டிப்பதும் விடுவதும் கிளப்பின் விருப்பமா? காயம்பட்டால் அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிறகான பிசியோவுக்கும் யார் காசு? நடுவில் விட்டுவிட்டால் தொடங்கிய சிகிச்சையை முடித்துத் தருவார்களா? இதை அழுத்திக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பணம் வாங்கி ஆடும் விளையாட்டு வீரர்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை. தொழிற்சாலையில் கை முறிந்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மைதானத்தில் முறிந்தவருக்கு இல்லை. அதனால் தனியார் மருத்துவக் காப்பீடு வீட்டில் இருந்தே ஆகவேண்டும். ஏஜென்ட் என்று யாராவது வந்தால், என்ஆர்எல் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். ஒரு மணி நேரக் கட்டணத்துக்குத் தயங்காதீர்கள்.

எச்எஸ்சி விஷயத்தில் நான் அப்பா பக்கம். ஆனால் 'முதலில் படிப்பு, அப்புறம் ஆட்டம்' என்று வரிசை போடாதீர்கள். 18 வயதில் தொடங்குகிறேன் என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடட்டும். கிளப்களில் வீரர்களின் படிப்பையும் நலனையும் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார். அவரைச் சந்தித்து, பரீட்சை மாதங்களில் பயிற்சி எப்படிக் குறையும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகம்தான் என்று பிடிவாதம் வேண்டாம். எலக்ட்ரீஷியன் தொழிற்பயிற்சியை முடித்துவைத்துக்கொண்டு ஆடிய பையன்கள், கிளப் விட்ட மறுவாரமே வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தத் தலைவலி.

பாய்ட் கோர்ட்னர் சிட்னி ரூஸ்டர்ஸின் கேப்டனாக இருந்தவர். நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவரே கேப்டன். மூன்று கோப்பைகள் வென்றவர். 2021 ஜூனில், 29 வயதில், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் விளையாட்டை விட்டார். அதே வருடம் அதே அணியின் ஜேக் ஃப்ரெண்டும் அதே காரணத்தால் விட்டார். இன்னும் பின்னால் போனால், கான்டர்பரி கிளப்புக்கு ஆடி, பின்னர் பயிற்சியாளராக 2004-ல் கோப்பை வாங்கிக்கொடுத்த ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-ல் 59 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது சிடிஇ என்ற நோய் இருந்தது தெரிந்தது. பல வருடமாகத் தலையில் படும் அடிகளோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு அது. இன்றைக்கும் இறந்த பிறகுதான் அதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடிகிறது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. அந்தக் காலத்தில் அடிபட்டவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த டேக்கிளுக்குப் போவார். இப்போது என்ஆர்எல்லில் மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 11 நாள் ஓய்வு என்று விதி வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் சமூக அளவில் ஆடுபவர்களுக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் சொல்வது அதைவிடக் கடுமை: அறிகுறி எல்லாம் போய் 14 நாள் ஆனபிறகே மோதல் பயிற்சி, அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்தே போட்டி. ஆனால் அடிபட்டவன் வாயைத் திறந்தால்தான் இந்த விதிகள் வேலை செய்யும். உங்கள் மகன் திறக்கவில்லை. இடம் போய்விடும் என்று பயந்திருப்பான். 16 வயதில் அந்தப் பயம் இயல்பு. அதட்டாதீர்கள்.

இந்த வாரம் அவனைக் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போய், என்ன தேதி, எப்படி அடிபட்டது, எத்தனை நாள் தலைவலி, நினைவு தப்பியதா என்று எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்னாலும் பட்டதுண்டா என்று மருத்துவர் தனியாகக் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டான். அந்தத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் மருத்துவரிடம் கொடுங்கள். பழைய அடி ஒன்றுக்காக ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கிளப் என்றால் அங்கே போகவேண்டாம். மருத்துவர் உட்காரவைத்து விசாரித்து, அடுத்த அடி பட்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்று அவனுக்கு விளக்கினால், அந்தத் தாளில் நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். அம்மம்மாவையும் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு மருத்துவரே நேரில் பதில் சொல்லட்டும்.