‘எங்கள் பொறுப்பு’ என்று எழுதி வாங்கினால் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் ஃபைபர் படகை ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள். ‘எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா?

பதில்: அந்தக் காகிதத்தை நம்பிப் படகைக் கொடுத்துவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 150-வது பிரிவைப் பாருங்கள். படகைச் சும்மா இரவல் கொடுத்தால், தெரிந்த குறையை மறைத்தால்தான் பொறுப்பு. வாடகை வாங்கிவிட்டால் கதையே வேறு. அடியில் விரிசல் இருந்தது உங்களுக்கே தெரியாது என்றாலும் நஷ்டத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மச்சானிடம் கொடுப்பதும் முன்பின் தெரியாதவரிடம் காசு வாங்கிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

நீங்களோ உங்கள் ஆளோ கூலிக்கு ஏற்றிப்போனால் குற்றவியல் சட்டமும் வரும். பழுதான படகில், அல்லது அளவுக்கு மீறி, ஆட்களை ஏற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 284-ன் கீழ் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. அஜாக்கிரதையால் உயிர் போனால் 106-வது பிரிவு, ஐந்து ஆண்டு வரை. இதையெல்லாம் கையெழுத்து வாங்கித் தள்ளிவிட முடியாது. 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் பலர்.

அப்புறம், கரை உங்களுடையது என்பதால் ஏரி உங்களுடையதாகிவிடாது. ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கிறதா, ஊராட்சியிடமா என்று விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மோட்டார் பூட்டிய படகென்றால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி ஆய்வுச் சான்று, பதிவு, இன்சூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியை நம்பி வாடகைக்கு விடாதீர்கள்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் கலெக்டர் தடை போடுகிறார். ஆற்றிலேயே வளர்ந்த பரிசல் ஓட்டிகளும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் ஏரியில் அப்படித் தடுக்க யாரும் நிற்கப் போவதில்லை. காற்று ஏறினாலும், வந்தவர் குடித்திருந்தாலும், ‘இன்றைக்கு இல்லை’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்து வெளுத்திருந்தால் தையலை இழுத்தாலே பிரியும். மாட்டிவிட்டு, கிளிப்பைப் போட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது அவருக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் கழன்று போகும். குழந்தைக்குப் பொருந்தும் அளவு உங்களிடம் இல்லையென்றால், எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் குடும்பத்துக்குப் படகைக் கொடுக்காதீர்கள்.